ஜிம்மிக்கு ஒரு துண்டு கறி

புனே வந்து பதினொரு வருஷமாச்சு. பொட்டி தட்டுற பொழப்பு, வாடகை வீடு, தங்கமணி, பொண்ணு, அப்புறம் ஜிம்மி. போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஜிம்மி வாந்தியா எடுத்துச் சுருண்டு படுத்துட்டான். பொண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு அவன் பக்கத்துலயே உக்காந்துட்டா. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "புதுசா என்ன கொடுத்தீங்க?"

கொடுத்தது நான்தான். கடையில வாங்கின உலர்ந்த கோழிக்கறி, ஒரு பாக்கெட். அதுதான் காரணம்னு டாக்டர் அடிச்சுச் சொல்லலை. ஆனா நிறுத்திடுங்கன்னார். மூணு நாள் ட்ரிப்ஸ் ஏத்தினதுல பிழைச்சான். அந்த மூணு ராத்திரியும் தூக்கம் வராம நாய்த்தீனியோட சரித்திரத்தைத் தோண்டிக்கிட்டு இருந்தேன்.

நாய்க்குப் பாக்கெட் தீனிங்கறது நூத்தறுபது சொச்சம் வருஷப் பழக்கம்தான். அதுக்கு முன்னாடி எல்லாம் வீட்டுச் சாப்பாடு. கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியர் வர்ரோ, ஆட்டுமந்தை நாய்க்குப் பால்ல ஊறின பார்லி ரொட்டியும் எலும்புச் சாறும் கொடுக்கச் சொல்றார். செத்த ஆட்டுக்கறியை மட்டும் காட்டாதேங்கறார். ருசி கண்டுட்டா அப்புறம் காவலாவது மண்ணாவது!

1387ல வேட்டை பத்தி நூல் எழுத ஆரம்பிச்ச பிரெஞ்சுப் பிரபு கஸ்தோன் ஃபெபுஸ் காலத்துல, மான் விழுந்ததும் குடலையும் ரத்தத்துல தோய்ச்ச ரொட்டியையும் கலந்து, உரிச்ச தோல் மேலயே பரப்பி நாய்களுக்கு வைப்பாங்க. பசிக்குப் போடுற சோறு இல்ல, நல்லா ஓடினதுக்குப் பரிசு. வேட்டைக்கு இரையாகுற மிருகத்தை ஆங்கிலத்துல 'க்வாரி'ங்கறாங்களே, அந்தச் சொல்லே இந்தச் சடங்கோட பேர்ல இருந்து வந்ததுதான்.

அப்புறம் வந்தார் ஜேம்ஸ் ஸ்ப்ராட். அமெரிக்காவுல இருந்து லண்டனுக்கு இடிதாங்கி விக்கப் போனவர். துறைமுகத்துல கப்பல்காரங்க வீசின கெட்டி பிஸ்கட்டை நாய்கள் தின்னுறதைப் பார்த்தாராம். 1860கள்ல கோதுமை, பீட்ரூட், உலர்ந்த மாட்டிறைச்சி எல்லாம் சேர்த்து நாய் பிஸ்கட் விக்க ஆரம்பிச்சார். அவர் கம்பெனியில வேலை பார்த்த சார்லஸ் க்ரஃப்ட்தான் 1891ல க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியைத் தொடங்கினவர். தீனி வித்தவரே கண்காட்சியும் நடத்தினா வியாபாரத்துக்குக் கேக்கணுமா? கறி எங்கே இருந்து வருது, யார் அறுத்ததுன்னு வாங்குறவனுக்குத் தெரியாமப் போனது அங்கேதான்.

2007ல இருந்து அமெரிக்காவுல உலர்கறி தின்ன நாய்கள் நோயில விழுறதா அரசாங்கத்துக்குப் புகார் குவிய ஆரம்பிச்சுது. பெரும்பாலும் சீனாவுல செஞ்ச சரக்கு. 2015 கடைசி வரைக்கும் வந்த புகார்கள்ல 6,200 நாய்களுக்கு மேல, அதுல 1,140க்கு மேல சாவு. அத்தனை சோதனை பண்ணியும் இன்ன பொருளாலதான்னு உறுதியாக் கண்டுபிடிக்க முடியலை.

'ஜெர்க்கி'ன்னு ஸ்டைலா சொல்றோமே, அது தென்னமெரிக்க கெச்சுவா மொழியோட 'சார்க்கி'. நம்ம ஊர்ல உப்புக்கண்டம். (கொசுவத்தி சுத்திக்கோங்க.) அப்பத்தா கறியை நீளநீளமா அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயித்துல கோத்து மாடியில காயப்போடும். காக்கா விரட்ட நான், என்னைப் பார்த்துக்க எங்க கருப்பன். உப்பு நாய்க்கு ஆகாதுன்னு, தடவுறதுக்கு முன்னாடியே அவனுக்கு ஒரு துண்டைத் தூக்கிப் போட்டுடும்.

இப்ப நானும் அதைத்தான் செய்யறேன். எலும்பில்லாத கோழிக்கறியை மெலிசா அறுத்துக்கணும். உப்பு, மசாலா கிடையாது. வெங்காயம், பூண்டு பக்கமே போகக்கூடாது, நாயோட ரத்த அணுக்களையே உடைச்சிடும். சும்மா காயவெச்சா கிருமி சாகாது. முதல்ல உள்ளே 74 டிகிரி வர்ற வரைக்கும் வேகவெச்சு, அப்புறம் ஓவன்ல 90 டிகிரியில ரெண்டு மணி நேரம். ஈரல் எப்பவாவது ஒரு சின்னத் துண்டு, வைட்டமின் ஏ ஜாஸ்தி. ஃப்ரிட்ஜ்ல மூணு நாளைக்கு, மிச்சம் ஃப்ரீசர்ல.

ஒரே சிக்கல், எங்க வீட்டு ஓனர் சுத்த சைவம். வீட்டுல அசைவம் சமைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு. அதனால ஞாயித்துக்கிழமை காலையில ஹடப்சர்ல இருக்கிற நண்பர் வீட்டு ஓவன்தான் நமக்கு கதி. போன வாரம் ஓனரம்மா மாடிப்படியில நிறுத்தி, "ஜிம்மி நல்லா தேறிட்டானே, என்ன கொடுக்கறீங்க?"ன்னு கேட்டாங்க.

"வீட்டுச் சாப்பாடுதான் காக்கூ" என்றார் தங்கமணி. யார் வீட்டுதுன்னு சொல்லலை.