கணக்கு ஒன்று, மொழி மூன்று

ஜெலாப்பாங் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் முன்பு இருந்த டோல் சாவடிதான். ஆனால் அந்த வட்டாரத்திற்கு இன்னொரு முகமும் உண்டு. பேராக்கின் ரப்பர் தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஈப்போவின் ஓரங்களில் குடியேறின. தாத்தா பால்மரம் சீவினார். அப்பா தொழிற்சாலைக்குப் போனார். பேரன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். அவனுக்கான கணிதப் பாடத்தைத் திட்டமிட்டவர்கள், அவன் எந்த மொழியில் கணக்குப் பழகி வந்தான் என்பதை எண்ணிப் பார்த்தார்களா?

நாட்டின் இடைநிலைப்பள்ளிக் கணிதம் பலமுறை மாற்றம் கண்டது. 1970களில் நவீன கணிதம் வந்தது. ஸ்காட்லாந்துப் பாடநூல்களைத் தழுவி, கணங்களும் அணிகளும் வகுப்பறைக்குள் நுழைந்தன. அதே காலத்தில் பயிற்று மொழியும் மாறியது. ஆங்கிலப்பள்ளிகளில் 1970இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிய மலாய்மொழி மாற்றம் 1976இல் படிவம் 1-ஐ எட்டியது. 1989இல் கே.பி.எஸ்.எம். பாடத்திட்டம் வந்தது.

தமிழ்ப்பள்ளி மாணவருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். 'பகா எண்' என்று படித்தது படிவம் 1-இல் 'நொம்போர் பெர்டானா' ஆகிவிடும். ('பெர்டானா மந்திரி' என்றால் பிரதமர், அவருக்கும் இந்த எண்ணுக்கும் என்ன உறவு என்று பிள்ளை விழிப்பதில் வியப்பில்லை.) பின்னம் 'பெச்சாஹான்' ஆகும். மலாய்மொழியில் பின்தங்கியவர்களுக்காகத்தான் புகுமுக வகுப்பு இருந்தது. ஓராண்டு தாமதமானாலும், அதற்கு ஒரு நியாயம் இருந்தது.

அந்த நியாயத்தைத் தலைகீழாக்கியது 2003. டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்தபோது, கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் என்ற திட்டம் ஒன்றாம் ஆண்டு, படிவம் 1, கீழ் ஆறாம் படிவம் ஆகியவற்றில் ஒரே நேரத்தில் தொடங்கியது. ஆசிரியர்களுக்கு மடிக்கணினி, வகுப்பறைக்கு எல்.சி.டி. கருவி, பாடக் குறுவட்டு எல்லாம் வந்தன. ஆனால் அவ்வாண்டு புகுமுக வகுப்பில் அமர்ந்த மாணவரின் நிலை என்ன? ஆறாண்டுகள் தமிழில் கணக்குப் போட்டவர், ஓராண்டு முழுவதும் மலாய்மொழியைப் பலப்படுத்தினார். 2004இல் படிவம் 1-க்குள் காலெடுத்து வைத்தபோது கணக்கு ஆங்கிலத்தில் காத்திருந்தது! பலப்படுத்திய மொழி ஒன்று, பாடம் நடந்த மொழி வேறொன்று.

பாடத்திட்டத்தில் ஒரு பாலம் இருக்கத்தான் செய்தது. அன்றைய படிவம் 1 கணிதம் முழு எண்கள், பின்னம், தசமம், விழுக்காடு என்று ஆரம்பப்பள்ளியில் கண்டவற்றையே மீண்டும் தொட்டு, பிறகே இயற்கணிதத்திற்குப் போனது. திட்டமிட்டவர்களுக்கு அது மீள்பார்வை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கோ அதுதான் மொழிப்பாடம். 'இதெல்லாம் தெரிந்ததுதானே' என்று ஆசிரியர் அந்த அத்தியாயங்களை வேகமாகத் தாண்டினால், கணக்குத் தெரிந்த பிள்ளையும் கேள்வி புரியாமல் பின்வரிசைக்குப் போய்விடும். கணக்கு வரவில்லை என்று வீட்டில் திட்டு வேறு. கணிதத்தில் தளர்ந்த பிள்ளைக்கு, படிவம் 4-இல் கூடுதல் கணிதமும் அறிவியல் பிரிவும் எட்டாக்கனிதான்.

2009 ஜூலையில் அன்றைய கல்வியமைச்சர் முகிதீன் யாசின் அத்திட்டம் மீட்டுக்கொள்ளப்படுவதாக அறிவித்தார். ஆங்கிலத்தில் தொடங்கியவர்கள் படிவம் 5 வரை அதிலேயே தொடரப் பின்னர் அனுமதி கிடைத்தது. தமிழ்ப்பள்ளிக் கணிதம் தமிழுக்குத் திரும்பியது. 2016இல் டி.எல்.பி. எனும் இருமொழிப் பாடத்திட்டம் வந்து, விரும்பும் பள்ளிகளுக்கு மீண்டும் ஆங்கிலக் கதவைத் திறந்தது. தமிழ்ப்பள்ளிகளில் அது வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் சூடாகவே நடந்தது. பெற்றோர் இரண்டாகப் பிரிந்து நின்ற அந்த வாதத்தில், படிவம் 1-இன் முதல் சில வாரங்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

2017இல் படிவம் 1-க்கு வந்த கே.எஸ்.எஸ்.எம். பாடத்திட்டத்தில் பழைய மீள்பார்வை அத்தியாயங்கள் இல்லை. முதல் அத்தியாயமே விகிதமுறு எண்கள். எதிர்மறை எண்கள் அங்கேயே தொடங்கிவிடுகின்றன.