பரிசு கொடுத்தால் ஆர்வம் குறையுமா?

விடுமுறை நாளில் ஒரு சிறுவன் பழைய கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வரமாட்டான். அதே சிறுவனைப் பாடப் புத்தகத்தின் முன் உட்கார வைக்க, "முதல் மார்க் வாங்கினால் சைக்கிள் வாங்கித் தருகிறேன்" என்று அவனுடைய அப்பா ஆசை காட்ட வேண்டியிருக்கிறது. முதல் வேலைக்கு அவனைத் தூண்டுவது அந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது வேலைக்குத் தூண்டுதல் வெளியிலிருந்து வருகிறது. உளவியலார் முன்னதை அகவூக்கம் என்றும், பின்னதைப் புறவூக்கம் என்றும் கூறுவர்.

சரி, இவ்விரண்டும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும்? ஒற்றை மாட்டைவிட இரட்டை மாடு வண்டியை நன்றாக இழுக்கும் அல்லவா? அதுபோல ஆர்வத்தோடு பரிசும் சேர்ந்தால் ஊக்கம் பெருகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உளவியலாரும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணம் ஆட்டம் கண்ட வரலாறு சுவையானது.

1898-இல் அமெரிக்க உளவியலாளர் தார்ண்டைக், பசித்த பூனைகளைப் பெட்டிகளில் அடைத்து, அவை தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் உணவு கொடுத்து ஆராய்ந்தார். இன்பம் தரும் செயல் மீண்டும் செய்யப்படும் என்பது அவர் கண்ட விதி. பின்னர் வந்த ஹல், ஸ்கின்னர் முதலியோர் அந்த அடித்தளத்தின் மேல் பெரிய மாளிகையே எழுப்பினர். பசி, தாகம், வலியிலிருந்து தப்பும் விருப்பம் போன்ற சிலவே உயிர்களை இயக்குகின்றன. மற்றவையெல்லாம் இவற்றோடு ஒட்டிக்கொண்டவையே என்று ஹல் போன்றோர் விளக்கினர்.

1949-இல் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர் எட்டு ரீசஸ் குரங்குகளை வைத்துக் கற்றலை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு பலகை, அதில் ஒரு கீல் தகடு, அதைப் பிடித்திருக்கும் ஒரு கொக்கி, கொக்கியைப் பிடித்திருக்கும் ஓர் ஊசி. ஊசியை இழுத்து, கொக்கியைக் கழற்றி, தகட்டைத் தூக்க வேண்டும். நமக்கு எளிது, குரங்குக்கு எளிதன்று. நான்கு குரங்குகளின் கூண்டில் இப்புதிரைப் பூட்டிய நிலையிலும், மற்ற நான்கின் கூண்டில் கழற்றிய நிலையிலும் வைத்தார்கள். திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. வாழைப்பழமும் இல்லை, தட்டிக்கொடுப்பாரும் இல்லை. ஆயினும் முதல் நான்கு குரங்குகளும் தாமாகவே புதிரோடு மல்லுக்கட்டின. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அதைத் திறப்பதில் தேர்ச்சியும் பெற்றன.

ஏன் திறந்தன? பசிக்காக அன்று, தாகத்துக்காகவும் அன்று. ஹல்லின் மாளிகையில் இதற்கென ஓர் அறையே இல்லை! திறந்து பார்ப்பதே திறப்பதற்கான கூலி என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொன்றையும் ஹார்லோ செய்து பார்த்தார். புதிருக்குள் தின்பண்டம் வைத்தார். குரங்குகள் இன்னும் நன்றாகச் செய்திருக்க வேண்டும். ஆனால் அவை அவசரப்பட்டன. முன்னைவிட அதிகம் தவறு செய்தன.

இவ்வளவு பெரிய விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஹார்லோ அதைத் தொடர்ந்து துரத்தவில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். தாயைப் பிரிந்த குரங்குக் குட்டிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அவர் திரும்பிவிட்டார். அவருக்குப் பெரும் புகழ் தேடித்தந்ததும் அதுதான். தின்பண்டக் கேள்வி ஏறத்தாழ 20 ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது.

1969-இல் கார்னகி மெலன் பல்கலைக் கழகத்தில் எட்வர்ட் டெசி என்ற ஆராய்ச்சி மாணவர் அதைக் கையில் எடுத்தார். அவருடைய கருவி ஒரு விளையாட்டுப் பொருள். டென்மார்க்கைச் சேர்ந்த பீட் ஹைன் உருவாக்கிய சோமா கனசதுரம் அது. ஏழு துண்டுகள், அவற்றைச் சேர்த்து ஒரு கனசதுரமும், இன்னும் பல உருவங்களும் அமைக்கலாம். கையில் எடுத்தவர்கள் எளிதில் கீழே வைக்கமாட்டார்கள்.

டெசி 24 கல்லூரி மாணவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார். ஒவ்வொருவரும் தனித்தனியாக மூன்று நாட்கள் வந்து, படத்தில் கண்டபடி உருவங்கள் அமைக்க வேண்டும். முதல் நாள் யாருக்கும் காசு இல்லை. இரண்டாம் நாள் ஒரு குழுவுக்கு மட்டும் உருவத்துக்கு ஒரு டாலர் வீதம் கொடுக்கப்பட்டது. மூன்றாம் நாள் மறுபடியும் யாருக்கும் இல்லை.

சோதனையின் சூட்சுமம் நடுவில் இருந்தது. ஒவ்வொரு நாளும் இடையில், ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு டெசி எட்டு நிமிடம் வெளியே போய்விடுவார். மேசை மேல் பத்திரிகைகள் இருக்கும். மாணவர் படிக்கலாம், சும்மா இருக்கலாம், அல்லது சோமாத் துண்டுகளோடு விளையாடலாம். ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, அந்த எட்டு நிமிடத்தில் எத்தனை விநாடி அவர் புதிரோடு செலவிடுகிறார் என்று கணக்கெடுத்தார்கள். யாரும் பார்க்காதபோது செய்வதுதானே உண்மையான விருப்பம்!

காசு பெற்ற குழு, முதல் நாள் சராசரியாக 248 விநாடி விளையாடியது. காசு கிடைத்த இரண்டாம் நாள் இது 314 விநாடியாக ஏறியது. காசு நின்ற மூன்றாம் நாள் 199 விநாடிதான். முதல் நாள் இருந்த ஆர்வம்கூட மிஞ்சவில்லை என்பதைக் கவனியுங்கள். காசே பார்க்காத குழுவினருக்கோ மூன்றாம் நாள் ஆர்வம் சற்றுக் கூடவே செய்தது.

ஒரு குழுவுக்கு 12 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, வேறுபாடும் மலைபோன்றதன்று. இந்த ஒரு சோதனையோடு நின்றிருந்தால் நம்பத் தேவையில்லை. ஆனால் 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர் ஸ்டான்ஃபோர்டில் மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் இதையே வேறு வழியில் கண்டார்கள். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள 51 குழந்தைகள். சிலரிடம், படம் வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் உள்ள சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொன்னார்கள். சிலருக்கு வரைந்து முடித்த பின், எதிர்பாராத வகையில் அதைக் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து வகுப்பில் பேனாக்களை வைத்துவிட்டுப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் 100-க்கு 9 பங்கு நேரம்கூட அவற்றைத் தொடவில்லை. மற்ற இரு பிரிவினரும் 17, 18 பங்கு நேரம் வரைந்தார்கள்.

ஆக, பரிசு தானாகக் கெடுதல் செய்யவில்லை. எதிர்பாராமல் வந்த சான்றிதழ் யாருடைய ஆசையையும் கெடுக்கவில்லை. 'இதைச் செய்தால் அது கிடைக்கும்' என்ற பேரம்தான் வேலையின் நிறத்தை மாற்றிவிடுகிறது. 'இதற்காகத்தானே வரைகிறேன்' என்று குழந்தையின் மனம் காரணத்தை வெளியே கொண்டுபோய் வைத்துவிடுகிறது என்பது லெப்பர் குழுவினரின் விளக்கம்.

பேரத்தின் விளைவைப் பள்ளிக்கூடங்கள் இதற்கு நூறு ஆண்டு முன்னரே பட்டறிந்திருந்தன. 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிப்படி, ஒரு மாணவன் படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் தேறினால் பாடத்துக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் பள்ளிக்கு மானியம். தேறாவிட்டால் அது வெட்டு. காசு தராத வரலாறும் பூகோளமும் பல பள்ளிகளில் ஓரங்கட்டப்பட்டன. பிள்ளைகள் வாசகப் புத்தகத்தை நெட்டுருப் போட்டார்கள். பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு ஆண்டறிக்கைகளில் இதைக் கண்டித்துக்கொண்டே இருந்தார். 1897-இல்தான் அம்முறை ஒழிந்தது. சென்னை மாகாணத்துத் தொடக்கப் பள்ளிகளும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே வகை மானியத்தை அனுபவித்தவைதாம்.

டெசியின் முடிவை எல்லாரும் ஏற்றுவிடவில்லை. 1994-இல் கேமரன், பியர்ஸ் என்ற இருவர், அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, பரிசால் பெரிய தீங்கில்லை என்று எழுதினர். 1999-இல் டெசியும் நண்பர்களும் 128 சோதனைகளை எடுத்துக்கொண்டு மறுமொழி கூறினர். எதிர்பார்க்க வைத்துக் கொடுக்கும் பொருட்பரிசு, ஆர்வமுள்ள வேலையில் அகவூக்கத்தைக் குறைக்கிறது. கல்லூரி மாணவரைவிடச் சிறுவர்களிடம் இது அதிகம். வாய்ப் பாராட்டு, பெரியவர்களிடம் ஊக்கத்தைக் கூட்டுகிறது என்பவை அவர்கள் கண்டவை. சலிப்பூட்டும் வேலைகளில் பரிசு இந்தத் தீங்கைச் செய்வதில்லை. இல்லாத ஆர்வம் எப்படிக் குறையும்? ஆகவே, மூட்டை தூக்குபவருக்கு எதற்குக் கூலி என்று இந்த ஆராய்ச்சியைக் காட்டி எந்த முதலாளியும் கேட்க முடியாது.

பாராட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. டெசியுடன் சேர்ந்து உழைத்த ரிச்சர்ட் ரையன் 1982-இல் இதைச் சோதித்தார். புதிர் போட்ட மாணவர் சிலரிடம் 'நன்றாகச் செய்தீர்கள்' என்ற பொருள்பட மட்டும் சொல்லப்பட்டது. வேறு சிலரிடம் 'நன்றாகச் செய்தீர்கள், அப்படித்தான் செய்ய வேண்டும்' என்ற பொருள்பட ஒரு சொல் சேர்க்கப்பட்டது. பின்னவர்களுக்குப் புதிரில் ஆர்வம் குறைந்தே இருந்தது. அடுத்த முறை உங்கள் மார்க் அட்டையில் அப்பா கையெழுத்துப் போடும்போது, இவ்விரண்டில் எதைச் சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள்.