அர்தாஸும் பெயரற்ற தியாகியரும்

குருத்வாராவில் எந்த வழிபாடும் அர்தாஸ் என்னும் பொது வேண்டுதல் இன்றி நிறைவதில்லை. கூடியிருக்கும் சங்கத் முழுவதும் எழுந்து கைகூப்பி நிற்க, ஒருவர் முன்னின்று சொல்லிச் செல்வார். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் எல்லோரும் 'வாஹேகுரு' என்பர். முதலில் பத்துக் குருமாரின் பெயர்கள். அடுத்து வரும் பஞ்ச பியாரே என்னும் அன்புக்குரிய ஐவர், குரு கோவிந்த் சிங்கின் மைந்தர்களான நான்கு சாகிப்சாதேக்கள், விடுதலை பெற்ற நாற்பது முக்தர் ஆகியோருக்கு எண்ணிக்கை மட்டும் உண்டு. பிறகு அந்த எண்ணிக்கையும் போய்விடுகிறது. அங்கம் அங்கமாக வெட்டுண்டோர், தலைத்தோல் உரிக்கப்பட்டோர், ரம்பத்தால் அறுக்கப்பட்டோர் என்று வதையின் வகைகளே எஞ்சுகின்றன. பாய் மணி சிங், பாய் தாரு சிங், பாய் மதி தாஸ் ஆகியோரை அங்கே அடையாளம் காணாத சீக்கியர் குறைவு. ஆனாலும் வேண்டுதல் அவர்கள் பெயரைச் சொல்வதில்லை. தியாக நினைவு தலைமுறைதோறும் நம்பிக்கையைப் புதுப்பிப்பது இந்தப் பெயரின்மையால்தான் என்பது என் வாதம்.

தியாகி என்ற கருத்து இன்றைய வடிவம் பெற்றதில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த சிங் சபா என்னும் சீக்கியச் சீர்திருத்த இயக்கத்துக்குப் பெரும்பங்குண்டு என்று வரலாற்றாசிரியர் லூயிஸ் ஃபெனக் காட்டினார். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வடிவம் பிந்தியது என்பதால் நினைவும் பிந்தியது என்றாகாது. 1675-இல் டெல்லியில் குரு தேக் பகதூர் கொல்லப்பட்டதை, அறத்தின் பொருட்டு நேர்ந்த மரணமாக 'பசித்தர் நாடகம்' என்னும் சீக்கிய நூல் முன்பே பேசிவிட்டது. அர்தாஸும் உறைந்துபோன பனுவல் அன்று. 1921-இல் நன்கானா சாகிபில் நடந்த படுகொலை உள்ளிட்ட குருத்வாரா சீர்திருத்தப் போராட்டங்களில் மாண்டோர் அதில் சேர்ந்தனர். 1947-க்குப் பின், எல்லைக்கு அப்பால் போய்விட்ட குருத்வாராக்களைத் தரிசிக்கும் பேறு வேண்டும் என்ற விண்ணப்பமும் சேர்ந்தது. பெயர்ப் பட்டியலாக இருந்திருந்தால் ஒவ்வொரு சேர்க்கைக்கும் வழக்கு நடந்திருக்கும்!

இன்னொன்று இதைவிட முக்கியம். மாண்டோரை நினைத்த பிறகு வேண்டுதல் பெருமிதத்தில் முடிவதில்லை, கேட்கத் தொடங்குகிறது. கேசம், ஒழுக்கம், விவேகம், நம்பிக்கை எல்லாவற்றையும் தானமாக அருளும்படி இரக்கிறது. தலைத்தோல் உரிக்கப்பட்டவரை நினைத்தவர் அடுத்த மூச்சில் தம் கேசம் நிலைக்க வேண்டுகிறார். முன்னோர் உயிர் கொடுத்துக் காத்தது தமக்குப் பிறப்பாலேயே வாய்த்துவிட்டது என்று அவர் கருதுவதில்லை.

அரசு நினைவுகூரும் முறை வேறு. 2022 முதல் ஒன்றிய அரசு டிசம்பர் 26-ஐ 'வீர பால திவஸ்' (வீரச் சிறுவர் நாள்) எனக் கொண்டாடி வருகிறது. சிர்ஹிந்தில் உயிரோடு சுவரில் வைத்துக் கட்டப்பட்டதாக மரபு சொல்லும் சாகிப்சாதேக்கள் ஜோராவர் சிங், ஃபதே சிங் இருவரின் நினைவு நாள் அது. பத்து வயது நிறையாத பிள்ளைகள். குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பர்பந்தக் கமிட்டி இந்தப் பெயரை ஏற்கவில்லை. பெயர்ச் சண்டை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அரசு மேடை அவர்களைத் தேசத்தின் வீரச் சிறுவர்களாக முன்னிறுத்துகிறது; பார்ப்பவர் கைதட்டலாம். அர்தாஸ் சொல்பவரோ அவர்களை நினைத்து எதையோ கேட்டு நிற்பவர்.

சமூகத்துக்குள்ளும் இந்த இழுபறி உண்டு. அந்தப் பிள்ளைகள் மாண்ட இடமான ஃபதேகர் சாகிபில் அந்த டிசம்பர் நாட்களில் கூட்டம் அலைமோதும். சாலைநெடுக லங்கர் என்னும் இலவச உணவு வழங்கல் நடக்கும். துக்க நாட்கள் என்று கருதித் திருமணத்தைத் தள்ளிவைப்போரும், தரையில் படுப்போரும் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். அதே திடலில் அரசியல் கட்சிகள் போட்டிக்குப் பந்தல் போட்டு மாநாடு நடத்திய ஆண்டுகளும் உண்டு. அதைக் கண்டித்துப் பேசியவர்களில் முதல் வரிசையில் நின்றவர்கள் பக்தர்களே.