விரல்களுக்கு விதித்த தடை

பாளையங்கோட்டையில் 1890களில் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரி காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். அவர் பெயரிலேயே அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

காலம்தான் சரியில்லை. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையைவிட வாய்ப்பேச்சே மேல் என்று தீர்மானம் போட்டிருந்தது. ஓட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே காது கேட்பவர்கள்! பல நாடுகளில் வகுப்பில் கையசைத்த பிள்ளைக்குத் தண்டனை கிடைத்தது.

உதட்டைப் பார்த்தே புரிந்துகொள் என்றால் எப்படி? கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'பாடு', 'மாடு' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். மீதியை ஊகிக்க வேண்டும், அதுவும் நாள் முழுக்க. காது கேளாத பிள்ளைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் காது கேட்பவர்கள். வீட்டில் சைகை தெரிந்தவர் இல்லை, பள்ளியில் அனுமதியும் இல்லை என்றால் பயத்தையும் கோபத்தையும் யாரிடம் சொல்வது? இளம்பருவத்தில் இவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகத் தெரிவதற்கு இந்தத் தனிமை ஒரு முக்கியக் காரணம். காதின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை.

மிலான் தீர்மானங்களை வான்கூவரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு நிராகரித்து வருத்தம் தெரிவித்தது 2010இல். 130 ஆண்டு! இந்தியச் சைகை மொழிக்கென டெல்லியில் மையம் வந்தது 2015இல்தான்.

இன்று இன்னொரு வழியும் உண்டு. தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத சிறு குழந்தைகளுக்கு, ஒலியைச் செவி நரம்புக்குக் கொண்டுசெல்லும் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். அறுவைக்குப் பிறகு மாதக்கணக்கில் கேட்டுப் பேசப் பயிற்சி வேண்டும். கல்வராயன் மலைக் கிராமத்துக் குடும்பத்துக்கு அது மலையிறங்கும் பேருந்துக் கணக்கும்கூட.