இனிப்பை விடச் சொன்னவர்கள்

சர்க்கரையை விட்டுவிடுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டுக்கொண்ட பெரிய இயக்கங்களில் மிகப் பழையது, சாப்பிடுபவரின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. 1791-இல் லண்டனில் வில்லியம் ஃபாக்ஸ் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் சாட்டையடி பட்டுச் சாகிறார்கள். அந்தச் சர்க்கரையை வாங்குபவருக்கும் அந்தப் பாவத்தில் பங்குண்டு என்பது அதன் வாதம். அவர் கணக்கும் போட்டுக் காட்டினார். வாரம் 5 பவுண்டு சர்க்கரை செலவழிக்கும் குடும்பம் 21 மாதம் அதை நிறுத்தினால், ஓர் ஆள் அடிமைப்படுவதோ கொல்லப்படுவதோ தடுக்கப்படும். சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையைத் தொடாமல் இருந்ததாக அக்காலத்து மதிப்பீடு ஒன்று சொல்கிறது. வீட்டுக்கு என்ன வாங்குவது என்பது பெண்கள் கையில் இருந்ததால் அவர்களே இதில் முன் நின்றார்கள். அடிமைகள் விளைவிக்காத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுதிய கிண்ணங்கள்கூடப் பின்னர் விற்பனைக்கு வந்தன.

சர்க்கரையின் பெருக்கத்தை இது நிறுத்தவில்லை. பிரிட்டனில் 1700-ஐ ஒட்டி ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2 கிலோவுக்கும் குறைவாகச் செலவான சர்க்கரை, 1800-இல் சுமார் 8 கிலோவாகவும், 1900-இல் 40 கிலோவாகவும் ஏறியது. அடிமை முறை 1834-இல் சட்டப்படி முடிவுக்கு வந்ததும், கரும்பு வெட்ட இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். மொரிஷியஸுக்கு முதலில்; பிறகு 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நேட்டாலுக்கு; 1903 முதல் பிஜிக்கும் சென்னை வழியாக. பாரதி பிஜித் தோட்டத்துப் பெண்களுக்காகப் புலம்பியது இந்தக் கரும்பைப் பற்றித்தான். 1874-இல் பிரிட்டன் சர்க்கரை மீதான இறக்குமதி வரியை முழுவதுமாக எடுத்துவிட்டது. செல்வர் வீட்டுப் பண்டமாக இருந்தது, ஆலைத் தொழிலாளியின் தேநீருக்கும் ரொட்டி மேல் தடவும் ஜாமுக்கும் இறங்கி வந்தது. சர்க்கரையை விடுவது எப்படி என்று சொல்லித்தரும் தொழிலுக்கு, அது முதலில் எல்லோர் கையிலும் கிடைக்க வேண்டியிருந்தது.

அந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தவர் மருத்துவர் அல்லர். வில்லியம் பான்டிங் லண்டனில் இறுதிச்சடங்கு நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவர்; அரச குடும்பத்துச் சாவுகளுக்கும் வெலிங்டன் பிரபுவின் சாவுக்கும் அந்த நிறுவனமே பொறுப்பேற்றது. 1862-இல், அறுபத்தைந்து வயதைக் கடந்த நிலையில், 5 அடி 5 அங்குல உயரத்துக்கு அவர் எடை 202 பவுண்டு, ஏறத்தாழ 92 கிலோ. குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட முடியாது. மாடிப்படியில் மூட்டு நோகாமலிருக்கப் பின்பக்கமாகத் திரும்பி இறங்குவார். துருக்கிக் குளியல், கடல் நீர், குதிரைச் சவாரி என எல்லாம் செய்து பார்த்தார். விடியற்காலையில் ஆற்றில் படகு வலித்தபோது பசிதான் கூடியது. கடைசியில் காது மந்தமானதற்காக வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரிடம் போனார். ஹார்வி பாரிஸில் க்ளோட் பெர்னாரின் ஆய்வுகளைக் கேட்டறிந்தவர். கல்லீரலே சர்க்கரையை உண்டாக்குகிறது என்று காட்டியவர் பெர்னார். நீரிழிவுக்கு உதவும் பத்தியம் கொழுப்புடம்புக்கும் உதவலாம் என்று ஊகித்த ஹார்வி, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார்.

பான்டிங்கின் புதிய சாப்பாட்டைப் பார்த்தால் அதைப் பத்தியம் என்றே சொல்லத் தோன்றாது. காலையில் மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ சுட்ட மீனோ, பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்று. மதியம் மறுபடியும் இறைச்சி, காய்கறி, இரண்டு மூன்று கோப்பை திராட்சை மது. மாலையில் பழம். இரவிலும் இறைச்சி அல்லது மீன், மறுபடி மது. படுக்கும்போது தேவைப்பட்டால் சர்க்கரை சேர்க்காத ஒரு கோப்பை சாராயம். ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தது. இடுப்பு 12 அங்குலத்துக்கு மேல் சுருங்கியது. 1863-இல் இதை ஒரு பகிரங்கக் கடிதமாக எழுதி, சொந்தச் செலவில் அச்சிட்டு, முதலில் இலவசமாகவே கொடுத்தார். பிறகு ஒரு ஷில்லிங் விலையில் பல்லாயிரம் படிகள் விற்றன. அந்த லாபத்தை அறப்பணிக்கே கொடுத்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அவருக்குப் பின் இத்துறைக்கு வந்தவர்களிடம் அந்தக் குணத்தைக் காண்பது அரிது. லான்செட் மருத்துவ இதழுக்குக் கோபம் வந்தது. மருத்துவ எழுத்தில் இனித் தலையிட வேண்டாம் என்று அவரையும் அவரைப் போன்றவர்களையும் எச்சரித்தது.

பான்டிங்கின் கடிதத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1859-இல், எடின்பரோவில் மருத்துவம் படித்த சாமுவேல் ஸ்மைல்ஸ் ‘தன்னுதவி’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு நூலை வெளியிட்டிருந்தார். முதல் ஆண்டிலேயே 20,000 படிகள் விற்ற அந்த நூல், ஏழை முன்னேறுவதும் முன்னேறாததும் அவன் உழைப்பையும் ஒழுக்கத்தையும் பொறுத்தது என்றது. ஸ்மைல்ஸின் இந்த நம்பிக்கையும் பான்டிங்கின் அனுபவக் கதையும் சேர்ந்துதான் பின்வந்த உடல் இளைப்பு நூல்கள் எல்லாவற்றுக்கும் அச்சு ஆயின. ‘நான் பருமனாக இருந்தேன், வெட்கப்பட்டேன், இந்த வழியைக் கண்டேன், உங்களாலும் முடியும்’ என்ற வரிசை அன்றிலிருந்து மாறவே இல்லை. பான்டிங் தன் பழைய எடைக்குக் குற்றம் சொன்னது உணவு வகையைத்தான், தன் மனத்திண்மையை அல்ல. பின்னால் வந்தவர்கள் அந்த வேறுபாட்டை விட்டுவிட்டார்கள்.

எடைக்கு அறநெறியின் நிறம் ஏறியது முதல் உலகப் போரின்போது. லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் லுலு ஹன்ட் பீட்டர்ஸ் 1918-இல் வெளியிட்ட நூல், அதுவரை ஆய்வுக்கூடத்துச் சொல்லாக இருந்த கலோரியைச் சமையலறைக்குக் கொண்டுவந்தது. இனி ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லக் கூடாது, 100 கலோரி ரொட்டி என்றே சொல்ல வேண்டும் என்பது அவர் கட்டளை. ஒரு காலத்தில் 200 பவுண்டைத் தாண்டியிருந்த அவர் தன்னையும் கேலி செய்துகொண்டே எழுதினார். நூலில் உள்ள குச்சி மனிதப் படங்களை வரைந்தது அவருடைய உடன்பிறந்தவரின் மகனான ஒரு சிறுவன். கேலிக்குள் கடுமை இருந்தது. உலகம் பட்டினி கிடக்கும்போது உடம்பில் கொழுப்பைச் சேர்ப்பது தானியத்தைப் பதுக்குவதற்குச் சமம் என்றார். ஜெர்மன் பேரரசருக்கு எதிராக எடை பார்க்கும் வகுப்புகளை நடத்தும்படி பெண்களை அழைத்தார். போர் முடிந்த பிறகும் நூல் ஓயவில்லை. 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவின் புனைவல்லாத நூல்களில் விற்பனையில் முதலிடம் அதற்கே.

எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் மற்றவர்களும் லாபம் பார்த்தார்கள். 1928-இல் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் நிறுவனம், இனிப்புக்குப் பதில் சிகரெட்டை எடுங்கள் என்று பெண்களிடம் விளம்பரம் செய்தது. மிட்டாய் வியாபாரிகள் கொதித்தெழுந்தார்கள். சிகரெட் விற்பனை ஏறியது. இளைப்பதற்குப் புகை பிடிக்கச் சொன்ன இந்த அறிவுரை, இத்துறை வழங்கியவற்றிலேயே மிகக் கேடானது.

சரியான எடை எது என்பதற்கு ஓர் எண் தேவைப்பட்டது. அதைக் கொடுத்தவை காப்பீட்டு நிறுவனங்கள். மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனம் தன் பாலிசிதாரர்களின் கணக்குகளிலிருந்து 1942-இல் பெண்களுக்கும் 1943-இல் ஆண்களுக்கும் ‘இலட்சிய எடை’ அட்டவணைகளை வெளியிட்டது. பாலிசி எடுக்க வசதி உள்ளவர்களின் உடம்பு நாடு முழுவதற்கும் அளவுகோல் ஆயிற்று. பெல்ஜிய வானியலாளர் கெட்லே 1830-களில் சராசரி மனிதனைத் தேடி உருவாக்கிய சூத்திரத்துக்கு, 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் உடல் நிறைக் குறியீடு என்று பெயர் வைத்தார். கெட்லேவுக்குக் கூட்டத்தின் போக்குதான் வேண்டியிருந்தது. ஒருவரின் உடல்நலத்தை அளக்க அவர் அதைச் செய்யவில்லை. 1998-இல் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் ‘அதிக எடை’யின் எல்லையை 25-க்கு இறக்கியபோது, ஒரு கிராம்கூடக் கூடாத கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் ஒரே நாளில் அந்த வகைக்குள் வந்தார்கள்.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த இல்லத்தரசி ஜீன் நைடெச், குளியலறையின் அழுக்குத் துணிக் கூடைக்குள் பிஸ்கட் பெட்டியை ஒளித்துவைத்துத் தின்பவர். கடையில் சந்தித்த பெண் ஒருத்தி எத்தனை மாதம் என்று விசாரித்த பிறகு, 1961-இல் நகரச் சுகாதாரத் துறையின் பருமன் சிகிச்சை நிலையத்தில் சேர்ந்தார். அப்போது எடை 214 பவுண்டு. அங்கே கொடுத்த உணவு அட்டவணை பயன்பட்டது. ஆனால் பிஸ்கட்டைப் பற்றி அங்கே வாய் திறக்க முடியவில்லை. ஆறு தோழிகளை வீட்டுக்கு அழைத்து, தான் ஒளித்துத் தின்பதைச் சொன்னார். அவர்களும் தங்கள் ஒளிவிடங்களைச் சொன்னார்கள். வாரந்தோறும் கூடிய அந்தப் பேச்சு 1963 மே மாதம் வெயிட் வாட்சர்ஸ் என்ற நிறுவனமாகி, 1978-இல் சுமார் 7 கோடி டாலருக்கு ஹைன்ஸ் நிறுவனத்திடம் விற்கப்பட்டது. அதை வாங்கியது சாஸ் தயாரிக்கும் நிறுவனம். உணவு விற்பவருக்கும் உணவைக் குறைக்கச் சொல்பவருக்கும் இடையே இருந்த வேலி அன்றே போயிற்று.

எடை குறைந்தும் கண்ணாடியில் பருமனாகவே தெரிகிறதே என்ற கேள்வி வேறொரு வழியில் வளர்ந்தது. ஒருவர் தன் உடம்பைப் பற்றி மனத்துக்குள் வைத்திருக்கும் படம் உடம்பிலிருந்து வேறானது என்பதை வியன்னாவிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறிய மனநல மருத்துவர் பால் ஷில்டர் 1935-இல் ஒரு நூலில் விரித்தெழுதினார். எலும்பும் தோலுமான இளம்பெண்கள் தங்களைப் பருமனானவர்கள் என்றே உணர்வதை 1960-களில் மனநல மருத்துவர் ஹில்டே புரூக் பதிவு செய்தார். 1978-இல் சூசி ஆர்பாக், பருமன் பெண்ணியத்தின் பிரச்சினை என்று வாதிட்டு, பத்தியமே அளவுமீறித் தின்பதற்குத் தூண்டுகிறது என்றார். இதற்கெல்லாம் வலுவான களச் சான்று பிஜியிலிருந்து வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் நாட்ரோகா பகுதியின் பூர்வகுடிப் பள்ளி மாணவிகளிடம், தொலைக்காட்சி வந்த சில வாரங்களில், 1995-இல், ஒரு முறையும், 1998-இல் மறுமுறையும் கேட்டறிந்தார். எடையைக் கட்டுப்படுத்த வாந்தி எடுப்பதாகச் சொன்னவர் முதலில் ஒருவரும் இல்லை. மூன்றாண்டுக்குப் பின் 11.3 விழுக்காடு. தாட்டியான உடம்பை அழகென்று போற்றிய சமூகம் அது.

சர்க்கரையின் மீதான அறிவியல் வழக்கு இதற்கிடையில் இழுபறியாக நடந்தது. லண்டன் குயின் எலிசபெத் கல்லூரியின் ஜான் யுட்கின் 1972-இல் வெளியிட்ட நூலில், இதய நோய்க்குச் சர்க்கரையே முக்கியக் காரணம் என்றார். கொழுப்பைக் குற்றவாளியாக்கியிருந்த ஆன்சல் கீஸ் அவரைக் கடுமையாக எதிர்த்தார். யுட்கின் கவனிப்பாரின்றி 1995-இல் இறந்தார். கொழுப்பைக் குறைத்த தயாரிப்புகளில் ருசிக்காகச் சர்க்கரையைக் கொட்டிய காலம் அது. 2016-இல் ஒரு செய்தி வெளிவந்தது: சர்க்கரைத் தொழிலின் ஆய்வு அமைப்பு 1960-களில் ஹார்வர்டு ஆய்வாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்திருக்கிறது, 1967-இல் வெளியான அவர்களின் மதிப்புரை கொழுப்பைச் சுட்டிச் சர்க்கரையைத் தப்பவிட்டது. யுட்கின் சொன்னது முழுவதும் சரி என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் இனிப்பு ஆசையை வெல்ல மன உறுதி போதும் என்று வாசகரைக் கடிந்த நூல்கள் இந்தப் பணத்தைப் பற்றி எதுவும் அறியவில்லை. உணவு ஆலைகளோ நாக்குக்கு மிகவும் பிடிக்கும் சர்க்கரை அளவைச் சோதனை செய்தே கண்டுபிடித்து வந்தன.

மகிழ்ச்சிக்கும் இதே போன்ற வல்லுநர்கள் தோன்றினார்கள். 1998-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன், நோயை மட்டுமல்லாமல் நல்வாழ்வையும் உளவியல் ஆராய வேண்டும் என்றார். அதற்கு முன்பே பல்லாண்டுகளாக, இளைத்தால் மகிழ்ச்சி வரும் என்பதை விளம்பரங்கள் ஓயாமல் சொல்லிவந்தன. இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் குறைவு. இங்கிலாந்தில் பருமனான முதியோரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. எடை குறைத்தவர்களின் ரத்த அழுத்தம் மேம்பட்டிருந்தது. மனச்சோர்வு மட்டும் மற்றவர்களைவிட அவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டது. எதனால் எது என்பதை இத்தகைய ஆய்வு தீர்த்துச் சொல்லாது என்றாலும், விளம்பரத்தின் வாக்குறுதிக்கு அது ஆதரவாக இல்லை.

அரசுகள் தாமதமாகவே தலையிட்டன. மெக்சிகோ 2014-இல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. பிரிட்டன் 2018 ஏப்ரலில், 100 மில்லிலிட்டரில் 5 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை உள்ள பானங்களுக்கு வரி விதித்தது. அந்த நாள் வருமுன்பே பல நிறுவனங்கள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. எவரிடமும் மன உறுதியை வேண்டாத இந்த வரி, பல சுயமுன்னேற்ற நூல்கள் செய்யாததைச் செய்தது.

பிறகு ஊசி வந்தது. நீரிழிவுக்கென உருவான செமக்ளுடைடுக்கு 2021 ஜூன் மாதம் அமெரிக்காவில் எடை குறைப்பு மருந்தாகவும் அனுமதி கிடைத்தது. போட்டுக்கொண்டவர்கள் பலர், சாப்பாட்டைப் பற்றி ஓயாமல் மனத்துக்குள் கேட்டுவந்த பேச்சு அடங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். நைடெச் தொடங்கிய நிறுவனம் 2023-இல் இத்தகைய மருந்துகளை எழுதிக்கொடுக்கும் இணையவழி மருத்துவ நிறுவனம் ஒன்றை வாங்கியது. 2025 மே மாதம், கடன் தாங்காமல், திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.