பாபின் மாற்றிய பையன்

1861-62 வாக்கில், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஒரு கல்குவாரி. மழுங்கிய உளிகளைக் கழுதை மேல் ஏற்றிக் கொல்லன் பட்டறைக்கு ஓட்டிப்போவது ஆறு வயதுப் பையன் ஒருவனின் வேலை. பெயர் ஜோசப் ரைட். ஏழு வயதில் சால்டேர் ஊர் மில்லுக்கு மாறினான். அங்கே டாஃபிங் வேலை: நூல் நிறைந்த பாபினை உருவிவிட்டுக் காலி பாபினைச் செருக வேண்டும். பாதி நாள் மில், பாதி நாள் மில் பள்ளிக்கூடம். அங்கே போய் உட்கார்ந்தான் என்பதோடு சரி, எழுத்து ஏறவில்லை. அவனை எழுத்துக்கு இழுக்க ஒரு போர் வரவேண்டியிருந்தது.

1870-இல் பிரான்சும் பிரஷ்யாவும் மோதின. சாப்பாட்டு இடைவேளையில் சக தொழிலாளி ஒருவர் செய்தித்தாளைப் படித்துச் சொல்ல, மற்றவர்கள் கேட்டார்கள். செய்திக்காக அடுத்தவர் வாயைப் பார்த்திருப்பது பதினைந்து வயது ரைட்டுக்குப் பொறுக்கவில்லை. பைபிளையும் ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாண'த்தையும் (நம் கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்துக்கு மூலம் அதுதான்) வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டத் தொடங்கினான். அதே 1870-இல்தான் ஊரெங்கும் பள்ளிக்கூடம் வர வழிசெய்யும் சட்டமும் லண்டனில் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் விளைவோடு பின்னாளில் அவர் ஓட்டப்பந்தயமே ஓட நேர்ந்தது.

1876-இல் வேலை பார்த்த மில் தற்காலிகமாக மூடப்பட்டது. யார்க்‌ஷயர் பேச்சில் இப்படி வேலையில்லாமல் இருப்பதற்கு 'லேக்' என்று பெயர். விளையாடுவதற்கும் அதே சொல்தான்! ரைட் விளையாடவில்லை. சேமித்த 40 பவுண்டை எடுத்துக்கொண்டு கப்பலேறி ஆண்ட்வெர்ப்பில் இறங்கி, ஜெர்மனியின் ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தில் படிக்க, அங்கே வரை நடந்தே போய்ச் சேர்ந்தார். காசு ஒரு பருவத்துக்கே தீர்ந்தது. ஊர் திரும்பி ஆசிரியர் வேலை பார்த்து, மறுபடி போனார். கணிதத்தில் நாட்டம் கொண்டிருந்தவரை மொழியியல் வளைத்துக்கொண்டது. 1885-இல் முனைவர் பட்டம், 1888-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியர் வேலை. பார்க்க வந்த அம்மா, ஆல் சோல்ஸ் கல்லூரியின் கம்பீரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, கூட்டுறவுக் கடை வைக்க அருமையான கட்டடம் என்றாராம், அசல் யார்க்‌ஷயர் பேச்சில். மகனுக்கும் அந்தப் பேச்சு மறந்துவிடவில்லை. அப்படி ஒருவரைத்தான் கேம்பிரிட்ஜில் இன்னொருவர் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் பேராசிரியர் வால்டர் ஸ்கீட். ரயிலும் பள்ளிக்கூடமும் சேர்ந்து பாட்டி, தாத்தாக்களின் பேச்சைத் துடைத்துவிடும் என்ற கவலையில் 1873-இல் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். பாதிரியார்களும் ஆசிரியர்களும் ஊர் ஊராகச் சொற்களைக் குறித்து அனுப்பினார்கள். குவிந்த காகிதத்தின் எடை ஏறக்குறைய ஒரு டன் என்பார்கள். அதைத் தொகுத்து முடிக்கத்தான் ஆளில்லை. படித்தவர்களில் பலருக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்த சத்தம், பேசியவர்களுக்கோ படிப்பில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தது பெரிய அதிர்ஷ்டம் என்றே சொல்லவேண்டும். ரைட் ஒப்புக்கொண்டார். ஆனால் அச்சிட எந்தப் பதிப்பாளரும் முன்வரவில்லை.

நஷ்டம் தன் தலையில் என்று துணிந்து, ரைட் தாமே வெளியிட முடிவு செய்தார். முன்பணம் கட்டும் சந்தாதாரர்களைக் கடிதம் எழுதி எழுதிச் சேர்த்தார். நூற்றுக்கணக்கான தொண்டர்கள் புதிதாகச் சொல் சேகரித்தார்கள். அவரிடம் படித்த எலிசபெத் மேரி லீ இந்த வேலையில் கைகொடுத்தார். 1896-இல் இருவருக்கும் திருமணம், அதே ஆண்டில் முதல் பகுதியும் வெளிவந்தது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் பேச்சு திருத்தப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், கடைசிப் பகுதி வரை போய்ச் சேர்வாரா என்பதே கேள்வி.

சேர்ந்தார். 1905-இல் 'ஆங்கில வட்டார வழக்கு அகராதி' ஆறு தொகுதிகளாக முடிந்தது. ஏறக்குறைய 70,000 சொற்கள். எந்தச் சொல் எந்த மாவட்டத்தில் வழங்கியது, அங்கே அதற்கு என்ன பொருள் என்பதெல்லாம் அதில் உண்டு. குளிர் தாங்காதவரைக் கிண்டலாகச் சொல்லும் 'நெஷ்' உண்டு; 'லேக்' அதன் இரண்டு பொருளோடும் உண்டு. பின்னாளில் ரைட்டிடம் பாடம் கேட்ட மாணவர்களில் ஒருவர், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன். இப்போது ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளையும் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பாட்டி சொன்ன சொல்லைத் தேடும் யார்க்‌ஷயர் பேரனுக்கு நூலகம்கூடப் போகவேண்டியதில்லை.