ஒரு ரூபாய் டிக்கெட்டும் ஒரு இலவசக் குடையும்

கப்பல் சுற்றுலா போகிறவர்களிடம் ஒரு சிக்கன வித்தை உண்டு. டிக்கெட்டை நேராகப் போய் வாங்க மாட்டார்கள். முதலில் அந்தக் கப்பல் கம்பெனியின் கிஃப்ட் கார்டை எங்கேயாவது தள்ளுபடியில் பிடிப்பார்கள். 500 டாலர் கார்டு 450 டாலருக்குக் கிடைக்கும். அப்புறம் அந்தக் கார்டைக் கொடுத்து டிக்கெட் போடுவார்கள். டிக்கெட்டும் ஆஃபரில் இருந்தால் ரெட்டை லாபம். கிஃப்ட் கார்டை கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் பாயின்ட் வேறு. அமெரிக்காவில் இருக்கும் என் காலேஜ் நண்பன் இதற்கென்றே ஒரு எக்ஸெல் ஷீட் வைத்திருக்கிறான். அவன் கோடு எழுதுவதைவிட அந்த ஷீட்டை ஒழுங்காக எழுதுவான்.

இதில் எனக்குப் பிடித்த கேள்வி ஒன்றுதான். 500 டாலர் பொருளை 450க்குக் கொடுக்க அந்தக் கம்பெனிக்கு என்ன கிறுக்கா பிடித்திருக்கிறது?

இல்லை. உங்கள் பணம் இன்றைக்கே அவர்கள் கைக்கு வந்துவிடுகிறது, கப்பல் ஆறு மாதம் கழித்துத்தான் கிளம்பும். நடுவில் அது வட்டியில்லாக் கடன். சில கார்டுகள் மேஜை டிராயரிலேயே தூங்கிப் போகும், அது சும்மா வந்த பணம். எல்லாவற்றையும்விட முக்கியம், கார்டு வாங்கியவர் இனி வேறு கம்பெனிக் கப்பலைத் திரும்பிப் பார்க்க மாட்டார். பணம் எங்கே மாட்டியிருக்கிறதோ மனசும் அங்கேதான் இருக்கும். கம்பெனி நொடித்தால் கார்டு வைத்திருப்பவர் கடன்காரர்கள் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியதுதான். 2008இல் ஷார்ப்பர் இமேஜ் என்ற அமெரிக்கக் கடை திவாலானபோது தன் கிஃப்ட் கார்டுகளையே வாங்க மாட்டேன் என்றது. 2020இல் கொரோனாவால் கப்பல்கள் நின்றபோது, பணத்தைத் திருப்பித் தருவதற்குப் பதில் ‘அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் சேர்த்தே தருகிறோம்’ என்று கம்பெனிகள் கெஞ்சின. அதே சமயம் கார்னிவல் கம்பெனி சந்தையில் 11.5 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டிருந்தது. நம்ம பணம் எவ்வளவு மலிவான கடன் என்று அப்போது தெரிந்தது.

ஆக, தள்ளுபடி என்பது தானம் இல்லை. யாரோ ஒருவர் நாளைக்காக இன்று போடும் பணம். அதைப் போடுவது யார், எதற்காக என்று பார்த்தால்தான் விலை புரியும். இதை நான் புரிந்துகொண்டது கரீபியன் கடலைப் பார்த்து இல்லை, பாலவனத்தத்தைப் பார்த்து.

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் பஸ்ஸில் உட்கார்ந்தால் வழியில் வருகிற ஊர் பாலவனத்தம். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், இல்லையென்றால் கம்பு, சோளம், பருத்தி, அதுவும் இல்லையென்றால் பிழைப்புத் தேடிப் பயணம். கடலுக்கும் இந்த ஊருக்கும் கண்ணுக்குத் தெரிகிற சம்பந்தம் எதுவும் கிடையாது. ஆனால் இந்தியர்கள் பங்கு போட்டுத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே நடத்திய முதல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் தலைவர் இந்த ஊர் ஜமீன்தார்தான். பாண்டித்துரைத் தேவர்.

1867இல் பிறந்தவர். ராமநாதபுரம் சேதுபதிகளுக்கு நெருங்கிய உறவு. நமக்கு அவரைத் தெரிந்திருப்பது 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கியவராக. அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் திருக்குறளைத் தன் இஷ்டத்துக்குத் ‘திருத்தி’ அச்சடித்தாராம். தேவர் அத்தனை பிரதிகளையும் முழு விலை கொடுத்து வாங்கி, குழி வெட்டிப் போட்டு எரித்தாராம். தள்ளுபடி கேட்டதாகக் கதையில் இல்லை. பணத்தை எப்படிச் செலவழிக்கிற மனிதர் என்று சொல்வதற்காக இதைச் சொன்னேன்.

1906 அக்டோபர் 16இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாகிறது. மூலதனம் 10 லட்ச ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர், செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் சேட், உதவிச் செயலாளர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. பேருக்குத்தான் உதவி, ஓடியாடி உயிரைக் கொடுத்தது அவர்தான். பக்கீர் சேட் மட்டும் 8000 பங்குகளுக்கு 2 லட்சம் கொடுத்தார். மிச்சத்துக்கு வ.உ.சி. ஊர் ஊராக அலைந்தார். பாரதி தன் ‘இந்தியா’ பத்திரிகையில் பணம் கேட்டு எழுதினார்.

அந்த 25 ரூபாயைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதுவும் ஒரு முன்பணம்தான். ஆனால் அதில் டிக்கெட் கிடையாது. பங்கு வாங்கியவர்களில் பலருக்குக் கொழும்பில் எந்த வேலையும் இல்லை. ‘நான் ஏறாவிட்டாலும் பரவாயில்லை, நம்மாள் கப்பல் ஒன்று ஓடட்டும்’ என்று கொடுத்த பணம். எக்ஸெல் ஷீட்டில் இதற்கு எந்தப் பத்தியும் கிடையாது.

எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. 1856இல் கல்கத்தா – பர்மா தபால் கப்பலாக ஆரம்பித்து, பாரசீக வளைகுடாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை போய்க்கொண்டிருந்த நிறுவனம். அவர்களுக்குத் தூத்துக்குடி – கொழும்பு என்பது பெரிய வலையில் ஒரு கண்ணி. சுதேசிக் கம்பெனிக்கோ அதுதான் மொத்த உலகமும். முதலில் பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். வெள்ளைக்காரர் அழுத்தம் கொடுக்க, வாடகைக் கப்பல் போயிற்று. வ.உ.சி. கொழும்புக்குப் போய் வேறு கப்பல் பிடித்தார். 1907இல் சொந்தமாக எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1300 பேர், அதோடு 4000 மூட்டை சரக்கு ஏறும் என்பார்கள்.

கப்பல் வந்ததும் விலைச் சண்டை சூடு பிடித்தது. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை இறக்கி இறக்கி ஒரு ரூபாய்க்குக் கொண்டுவந்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. அதற்கும் பதில் வந்தது. டிக்கெட்டே வேண்டாம், சும்மா வாங்க, கூடவே ஒரு குடையும் தருகிறோம்.

குடை! கரிசல் வெயிலில் நடந்து வந்தவனுக்கு அதைவிடச் சரியான கிஃப்ட் எதுவும் இருக்க முடியாது. அன்றைக்கு அந்தக் கம்பெனியில் மார்க்கெட்டிங் பார்த்தவன் யாரோ, கெட்டிக்காரன். பல கடல்களில் சம்பாதித்ததை ஒரு கடலில் கொட்டலாம். ஒரே வழித்தடத்தை வைத்திருப்பவன் எட்டணாவிலிருந்து எங்கே இறங்குவான்? அரசு அதிகாரிகளும் எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை.

இந்தக் குடைக் கதையைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் ‘ஒரு குடைக்காக நாட்டை விட்டுக்கொடுத்துட்டாங்க பாருங்க’ என்று ஆரம்பிப்பார். எனக்கு அது உடன்பாடில்லை. ஜமீன்தாரும் வக்கீலும் 25 ரூபாய் கொடுத்து தேசபக்தி காட்ட முடியும். மூட்டை தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போகிறவனுக்கு எட்டணா என்பதே கூலி. அவன் குடையை எடுத்துக்கொண்டதில் தப்பு கண்டுபிடிக்க நமக்கு யோக்கியதை இல்லை, கையில் நாலு ஆப் வைத்துக்கொண்டு எதில் கூப்பன் இருக்கிறதோ அதில் ஆட்டோ கூப்பிடுகிறவர்கள் நாம். அதைவிட ஆச்சரியம், குடை கொடுத்த பிறகும் சுதேசிக் கப்பலில் ஏறிய ஜனங்கள் இருந்ததுதான்.

பயணிக்குக் குடை என்றால் சரக்கு அனுப்பும் வியாபாரிக்கு வேறு ஒரு பொறி. 1870களிலேயே கல்கத்தா வழித்தடத்தில் பிரிட்டிஷ் கப்பல் கம்பெனிகள் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டன. எங்கள் கூட்டணிக் கப்பல்களில் மட்டுமே சரக்கு அனுப்பினால் கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருவோம், ஆனால் இப்போது இல்லை, சில மாதம் கழித்து. நடுவில் ஒரே ஒரு மூட்டையை வேறு கப்பலில் ஏற்றினாலும் சேர்ந்த பணம் மொத்தமும் போச்சு. ஒத்திப்போட்ட கழிவு. நம் கால ரிவார்டு பாயின்ட்டின் தாத்தா. புதிதாக வருகிற கப்பல்காரன் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும், வியாபாரி பழைய கம்பெனியில் மாட்டியிருக்கும் தன் பணத்தைத்தான் நினைப்பான். பின்னாளில் எஸ்.என். ஹாஜி மத்திய சட்டசபையில் இதை ஒழிக்க மசோதா கொண்டுவரும் அளவுக்கு இந்தியக் கப்பல்காரர்களை இது வாட்டியது.

முடிவு நமக்குத் தெரியும். 1908 மார்ச் 12இல் வ.உ.சி. கைது. ஜூலையில் இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டுகள், மேல்முறையீட்டில் குறைந்தது. 1911இல் கம்பெனியை மூடினார்கள். காலியா கடைசியில் போட்டிக் கம்பெனியிடமே போய்ச் சேர்ந்தது என்பார்கள். அதே 1911 டிசம்பரில் பாண்டித்துரைத் தேவரும் இறந்துபோனார், 44 வயதில். 1912 டிசம்பரில் வ.உ.சி. சிறையிலிருந்து வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, தலைவரும் இல்லை. போட்டியில்லாத கடலில் குடை கொடுக்க இனி யாருக்கும் அவசியமும் இல்லை.

இதுவரை சொன்னது தன் டிக்கெட்டைத் தானே வாங்கியவர்களின் கதை. துணி வியாபாரி, கடைச் சிப்பந்தி, சமையல்காரர் ஆகியோர் இந்தக் கப்பலா அந்தக் கப்பலா என்று கேட்க முடிந்தவர்கள். ஆனால் ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து இலங்கைக்குப் போன கூட்டத்தில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். அவர்களிடம் யாரும் எந்தக் கப்பல் என்று கேட்கவில்லை. அவர்கள் கழுத்தில் ஏற்கெனவே ஒரு கார்டு தொங்கிக்கொண்டிருந்தது.

உவமைக்குச் சொல்லவில்லை. 1901 வாக்கில் இலங்கையில் தகரச் சீட்டு என்ற ஏற்பாடு வந்தது. சின்னத் தகர வில்லை. அதில் தோட்டம் இருக்கும் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். கங்காணி தோட்டத்திலிருந்து இந்த வில்லைகளோடு ஊருக்கு வருவார், ஆள் பிடிப்பார், ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். கழுத்தில் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். தூத்துக்குடிக்கு முன்னால் தட்டப்பாறையில் முகாம், பிளேக் காலரா இருக்கிறதா என்று சோதனை, அப்புறம் கப்பல், கொழும்பு, ரயில், தோட்டம். வழியில் எங்கேயும் காசு எடுக்க வேண்டாம். வில்லையைக் காட்டினால் போதும். செலவை இலங்கை அரசு போட்டு, தோட்டத்துக் கணக்கில் எழுதி வசூலித்துக்கொள்ளும்.

ஒரு சிஸ்டம் டிசைனாகப் பார்த்தால் மிக நேர்த்தியானது. தனித்த அடையாள எண், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட கட்டணம், இறுதியில் கணக்குத் தீர்ப்பு. என் வேலையில் இதே மாதிரி ஒன்றை நான் கட்டியிருக்கிறேன், ஒரு கம்பெனி ஊழியர்களுக்கான பயண வவுச்சர். அந்த வவுச்சரில் இல்லாத ஒரு வரி தகரச் சீட்டில் இருந்தது. தோட்டம் கொடுத்த பணம் தோட்டத்துச் செலவாக நிற்காது, கூலியாளின் கடனாக மாறும். பயணம், வழிச் சாப்பாடு, கம்பளி, ஊரில் கங்காணி கொடுத்த முன்பணம் எல்லாம் சேர்ந்து முதல் நாள் கொழுந்து கிள்ளப் போகும்போதே தலையில் ஏறியிருக்கும். ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு தனி.

அந்தக் கடனுக்கு ஒரு தாளும் இருந்தது. பேரே துண்டு. ‘இந்த ஆட்கள் இவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள், அதைக் கட்டினால் விடுவிக்கிறேன்’ என்று துரை எழுதிக் கொடுப்பார். வேறு தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, கை மாறும். கங்காணி துண்டை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய், உள்ள கடனுக்கு மேல் தொகை பேசி, வித்தியாசத்தை மடியில் கட்டிக்கொள்வதும் நடந்தது. மனிதர்கள் உள்ளே இருக்கும் ஒரு கிஃப்ட் கார்டு, முக மதிப்பைவிடக் கூடுதல் விலைக்குக் கைமாறுகிறது. தள்ளுபடியின் தலைகீழ் வடிவம்.

தூத்துக்குடித் துறையில் ஒரே காலத்தில் மூன்று விதப் பணம் கடலைத் தாண்டியது என்று எனக்குத் தோன்றுகிறது. தான் ஏறாத கப்பலுக்குப் பாலவனத்தத்துக்காரர் கொடுத்தது ஒன்று. போட்டியாளனைக் கொல்வதற்காகப் பிரிட்டிஷ் கம்பெனி பயணிக்குக் கொடுத்தது இன்னொன்று. மூன்றாவது, பயணியைக் கேட்காமலே பயணிக்காகக் கொடுத்து, பிறகு அவனிடமே வசூலித்தது. பின்னிரண்டிலும் டிக்கெட் எடுக்கும் இடத்தில் கையில் காசு இல்லாமல் ஏறலாம். முதலாவதை வரலாறு பாடமாக வைத்திருக்கிறது, இரண்டாவதை நகைச்சுவையாக. மூன்றாவதுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்திகூடத் தேறாது.

துண்டு முறையை 1921இல் இலங்கைச் சட்டம் ஒன்று ஒழித்தது. அடுத்த வருஷம் இந்தியாவில் குடியேற்றச் சட்டம் வந்தது. அதற்கப்புறம் தோட்டங்கள் சேர்ந்து ஒரு பொது நிதி வைத்து ஆள் கொண்டுபோகும் செலவை ஏற்றுக்கொண்டன, பயணச் செலவைக் கூலியாள் தலையில் கடனாக எழுதக் கூடாது என்றானது. அதாவது, தமிழ்நாட்டுக் கரையிலிருந்து நீராவிக் கப்பலில் மக்களை ஏற்றிப் போக ஆரம்பித்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகுதான் அந்த டிக்கெட் உண்மையில் இலவசமானது. அதற்குக் குடை எதுவும் கொடுக்கவில்லை.